பின்சீட்டில் உட்காரக் கற்றது

அன்றைக்குத் தித்தி வளைந்து தெரிந்தது.

கிள்ளானுக்கு வெளியே ஒரு பயிற்சித் திடலில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். லைசென்ஸ் பரீட்சையில் ஆளை அழவைக்கிற அயிட்டம் ஒன்று உண்டென்றால் அது தித்திதான். தரையிலிருந்து கொஞ்சமே உயர்ந்த, ஒல்லியான, நீண்ட மேடை. அதன்மேல் வண்டி ஊர்ந்து போக வேண்டும். சீக்கிரம் கடந்துவிட்டாலும் ஃபெயில், டயர் நழுவினாலும் ஃபெயில், காலை இறக்கினாலும் ஃபெயில். வேகமாகப் போவதற்கு யாரும் யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. மெதுவாகப் போவதற்குத்தான் என்னை மாதிரி ஒருவன் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. "கால இறக்காத, கால இறக்காத." இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. தூக்கத்திலும் அதையேதான் உளறுகிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

அன்று ஒரு பெண்பிள்ளை தித்தியில் ஏறினாள். "கோணலாப் போற, கோணலாப் போற" என்று கத்தினேன். அவள் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, "சிக்கு, நேராத்தானே போனேன்?" என்றாள். ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவரை இங்கே எல்லா இனத்தாரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சுர்ரென்று ஏறியது. மறுபடி போகச் சொன்னேன். மறுபடியும் கோணல். பிறகுதான் கவனித்தேன், அவள் இறங்கிப் போன பிறகும் தித்தி கோணலாகவே கிடந்தது. நடுவில் புடைத்து, ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற குச்சி மாதிரி நெளிந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். நேராகிவிட்டது. இடது கண்ணை மூடினேன். வளைந்துவிட்டது.

அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, போ. நல்லாத்தான் போன" என்று முணுமுணுத்ததோடு சரி. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி என் உடம்பில் குடிவந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பால் டீயான தே தாரிக்கை விட்டுவிட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அது சத்தம் போடாமல் கண்ணுக்குப் போயிருக்கிறது. டாக்டர் சின்ன வயசுச் சீனப் பெண். பொறுமையாகத்தான் சொன்னார். ஊசி போடலாம், லேசர் பிடிக்கலாம், மிச்சமிருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், போனது திரும்ப வராது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது.

திடலை நானே விட்டுக்கொடுத்தேன். நேராகப் போகிற பிள்ளையைக் கோணல் என்கிறவன் அங்கே நிற்கக் கூடாது. வகுப்பறைக்கு மாறி, சாலைச் சட்டங்களைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னிடம் ஒரு ஸ்கிரம்ளர் உண்டு. நூற்றைம்பது சிசி, ஒல்லியான, உயரமான வண்டி. தார் ரோட்டிலும் ஓடும், மண் சடக்கிலும் ஓடும். ஞாயிறு விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விடுவேன். லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் சிலர் மண்ணில் ஓட்டப் படிக்க வேண்டும் என்று கூட வருவார்கள். யாரும் வராத வாரம் தனியாகப் போவேன். உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு மரங்கள், வெட்டிப் போட்ட மட்டைகள், தரையை விட்டு எழும்ப மனசில்லாத பனி. அதற்குள் போகும்போது நான் ஓட்டுகிறேனா, சடக்குதான் எனக்குக் கீழே நகர்ந்து போகிறதா என்று தெரியாது. தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே கார் போக முடியாத குறுகலான பலகைப் பாலம். அதைத் தாண்டினால் கடல் உள்ளே வராமல் தடுக்கிற நீண்ட மண்கரை. கரைமேல் ஏறி எஞ்சினை அணைத்தால் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களும் சேறும் தண்ணீரும், அவ்வளவுதான். அங்கே நான் மீனும் பிடிப்பதில்லை, சாமியும் கும்பிடுவதில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் ஒரு வாரத்தை எப்படித் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்டால் என்னிடம் படித்த பிள்ளைகள் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள்தான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்து போக எனக்கு மனசு வரவில்லை. இரண்டு ஞாயிறு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன். சொல்லிக்குடுங்க."

அவள் கையுறைத் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டும் பார்த்து ஓய்வு பெற்றவள். மழையோ புகைமூட்டமோ, இருபத்தைந்து வருஷம் கப்சாயில் வேலைக்குப் போய் வந்தவள். கப்சாய்தான் ஊரில் எல்லார் வாசலிலும் நிற்கிற அந்தச் சின்ன மோட்டர். அதற்குக் கையால் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. ஞாயிறும் ஷிஃப்ட் இருந்ததால் அந்தக் கடல்கரையை அவள் பார்த்ததே இல்லை. அதோடு என் ஸ்கிரம்ளரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கொக்கின் முதுகில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாள்.

"உனக்குக் காலே எட்டாதே" என்றேன்.

"எட்டாதவங்களுக்கு நீங்க சொல்லிக்குடுத்ததே இல்லையா லா?"

சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு காலும் எட்ட வேண்டும் என்று யார் சொன்னது? வண்டியை நிறுத்தும்போது சீட்டிலிருந்து இடுப்பை ஒரு பக்கம் நழுவவிட்டு, ஒரு காலை மட்டும் முழுசாக ஊன்றினால் போதும். அதை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். கிளட்ச் ஒரு வாரம். கியர்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

கப்சாயில் அடுத்த கியருக்குப் போக முன்பாதத்தால் கீழே மிதிக்க வேண்டும். ஸ்கிரம்ளரில் முதல் கியருக்கு மட்டும்தான் மிதி. அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் விரலால் மேலே தூக்க வேண்டும். கப்சாய்க்காரர்கள் இதில் ஏறினால் ஒரே ஒரு தப்பைத்தான் செய்வார்கள், ஆனால் எல்லாரும் செய்வார்கள். வேகம் எடுத்ததும் பழக்க தோஷத்தில் மிதித்துவிடுவார்கள். ஏற வேண்டிய கியர் இறங்கும். எஞ்சின் அலறும். பின்சக்கரம் தரையைப் பிடித்து இழுக்கும்.

"தலைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல" என்று அவளே சொன்னாள். அதனால் காலுக்குத் தனியாக வகுப்பு வைத்தாள். சாம்பாரைக் கிளறிக்கொண்டே இடது கால் விரலைத் தூக்குவாள், இறக்குவாள். துணி காயப்போடும்போதும் அதே கதைதான். ஒருநாள் தூக்கிய வேகத்தில் சிலிப்பர் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. நான் தரையில் படுத்து, கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். பார்க்க முடியாததால் துழாவினேன் என்பதை அவள் கவனித்தாள்.

ஒரு மாதத்தில் நன்றாகவே ஓட்டினாள். என் வாய் சும்மா இருக்காது என்றாலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தோம். நான் எதையாவது படிக்க வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் சிக்கு இல்லையா?

முதல் ஞாயிறு, அவள் முன்னால், நான் பின்னால். தார் ரோடு முடிகிற வரைக்கும் பரவாயில்லை. மண் சடக்கில் இறங்கியதும் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் இடது பக்கம் சாய்ந்தால் நான் வலது பக்கம் இழுத்தேன். இல்லாத பிரேக்கை என் கால் தேடியது. பாதி தெரிகிற கண்ணால் முன்னால் எட்டி எட்டிப் பார்த்தேன். நடுவில் கலங்கலாக ஒரு கறை, அதைச் சுற்றி மரங்கள் நெளிந்துகொண்டு வந்தன. "பள்ளம் வருது, பள்ளம்" என்றேன். அது பள்ளம் இல்லை, மர நிழல்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மேடு. ஏறி முடித்ததும் மூன்றாவது கியர் போட வேண்டும். அவள் கால் மிதித்துவிட்டது. எஞ்சின் அலறியது, வண்டி வெடுக்கென்று இழுத்தது. அவள் உடனே கிளட்சைப் பிடித்துவிட்டாள். வண்டியைத் தாங்கியும்விட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள்.

நான் இரண்டு காலையும் இறக்கிவிட்டேன்.

அந்த உயரத்தில் பின்சீட்டிலிருந்து தரையைத் தேடினால் என்ன ஆகும்? இடது கால் மண்ணில் பட்டது, வலது கால் காற்றில் தொங்கியது, என் மொத்த எடையும் ஒரு பக்கம் சரிந்து வண்டியை இழுத்துப் போட்டது. மட்டைகளின் மேல் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு பிசகிவிட்டது.

எழுந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "எத்தனை தடவை சொன்னேன், மேல தூக்கு, மேல தூக்குன்னு." இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், நிற்காமல் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"கியர் தப்பு என்னுது. ஒத்துக்கிறேன். கால் யாருதுங்க?"

வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. கண் போனால் ஓட்ட முடியாது என்பது தெரிந்த விஷயம். பின்னால் உட்காரக்கூட என்னால் முடியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அன்று சாயந்திரம் வண்டியை விற்றுவிடலாம் என்று சொன்னேன். "என் கை மொதல்ல ஆறட்டும்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்துக் கண் ஊசிக்காகக் கொமுட்டர் ரயிலில் போய் வந்தோம். ஊசி முடிந்து, தலைநகரில் நம் ஆட்களின் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் இறங்கினோம். மணிக்கட்டில் கட்டோடு அவள் ஒரு கடைக்குள் ஜாக்கெட் துணி பார்க்கப் போனாள். நான் வெளியே நடைபாதையில் நின்றேன். மருந்து விட்ட கண்ணில் எல்லாமே கரைந்துகொண்டிருந்தது. பூக்கடை மஞ்சள் ரோட்டில் ஒழுகியது. சேலைகள் நிறம் நிறமாக ஒன்றுக்குள் ஒன்று போயின. எங்கிருந்தோ வாழை இலைச் சாப்பாட்டின் வாசனை மட்டும் தெளிவாக வந்தது.

பக்கத்தில் டக் டக்கென்று ஒரு சத்தம். வெள்ளைக் கோல். பிரிக்பீல்ட்ஸில் அது புதுசில்லை. கண் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காக எத்தனையோ தடவை வண்டியை நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்தச் சத்தத்துக்கு நான் ஓரடி விலகி நின்றேன். கோலோடு வந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும், நன்றாகத் தேய்த்த சட்டை. ரோட்டைக் கடக்க நிற்கிறார் என்று தெரிந்ததும், என் புத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, விடுங்க. நீங்க என்னைப் பிடிக்காதீங்க. நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்."

என் முழங்கைக்கு மேலே லேசாகக் கை வைத்தார். அரை அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். "இப்ப நீங்க பாட்டுக்கு நடங்க."

நடந்தேன். கார்கள் நின்றன. எதிர்ப்பக்கம் நடைபாதை விளிம்பு வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கால் அளவாக மேலே ஏறிவிட்டது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க கை ஏறுச்சே. முன்னால போறவங்க உடம்பே எல்லாத்தையும் சொல்லிரும் அண்ணே. பின்னால வர்றவங்க எட்டிப் பாக்காம இருந்தாப் போதும்." கையை எடுத்தவர் ஒரு நிமிஷம் நின்றார். "நீங்களே ரொம்பத் தயங்கித் தயங்கி நடக்குறீங்க. கண்ணு சரியில்லையா?"

நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கும் டாக்டருக்கும் வேலையிடத்துக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத அந்த மனிதரிடம், "ஆமா, போய்க்கிட்டிருக்கு" என்றேன். "பயமா இருக்கு" என்றும் சொன்னேன். ரோட்டோரத்தில் நின்று அப்படிச் சொன்னேன்.

"இருக்கும் லா" என்றார். மசாஜ் கடை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று டக் டக்கென்று போய்விட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து என் மனைவி கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவள் கிட்டே வந்ததும் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அரை அடி பின்னால். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். ரயில் நிலையம் வரைக்கும் அப்படியே போனோம். படி வந்தபோது என் கால் ஏறியது. வளைவு வந்தபோது திரும்பியது. அவள் எந்தப் பக்கம் நினைக்கிறாளோ அந்தப் பக்கம் அவள் தோள் முதலில் போகும் என்பது, முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அவள் கை ஆற ஆறு வாரம் ஆனது. ஒரு ஞாயிறு விடியும்போது வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. நான் விற்கச் சொன்ன வண்டியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொக்கின் மேல் ஒரு பக்கம் சரிந்து, ஒரு கால் ஊன்றி.

"வரீங்களா சிக்கு?"

ஏறினேன். தார் ரோடு முடிந்து சக்கரம் மண்ணைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. மூடின பிறகு மரங்கள் நெளியவில்லை, கறை இல்லை, இல்லாத பள்ளங்கள் வரவில்லை. ஈர மண் வாசனை, நொறுங்கும் மட்டைகள், கையில் அவள் இடுப்பு. அது சாய்ந்தால் சாய்ந்தேன். நிமிர்ந்தால் நிமிர்ந்தேன். மரங்களுக்குள் போகும்போது காற்று குளிர்ந்தது, வெளியே வந்தால் முகத்தில் வெயில் பட்டது. தூங்குகிறவனை யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. பழைய மேடு வந்தது, ஏறியது, இறங்கியது. அவள் கால் மேலேதான் தூக்கியது.

எஞ்சின் சத்தம் சன்னமானபோது பாலம் வந்துவிட்டது என்று தெரிந்தது. கீழே தண்ணீர் சலசலத்தது. அவள் உடம்பு இறுகியது, பிறகு தளர்ந்தது. மெதுவாகத்தான் ஏறினாள். ஒவ்வொரு பலகையாகச் சக்கரத்துக்கு அடியில் டொக் டொக்கென்றது. நடுவில் வண்டி லேசாக ஆடியது. ஷூவுக்குள் என் விரல்கள் பத்தும் மடங்கின. கால் கீழே போகத் துடித்தது. திடலில் அழுத பிள்ளைகளின் முகமெல்லாம் வந்தது. எவ்வளவு சுலபமாகக் கத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இறக்கவில்லை. கடைசிப் பலகை முடிந்து மண் வந்தது, வண்டி கரைமேல் ஏறியது, அவள் இடுப்பு இடது பக்கம் நழுவியது, நானும் கூடவே நழுவினேன். வண்டி நின்றது.

"வந்தாச்சுங்க. இம்புட்டு அழகான எடத்த இத்தனை வருஷம் தனியா பாத்துக்கிட்டு இருந்தீங்களா? பாருங்க, தண்ணி ஏறியிருக்கு."

உப்புக் காற்று அடித்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் திரும்பினாள். "கண்ண மூடிக்கிட்டா வந்தீங்க?"

"ம்."

"எங்கேருந்து?"

"சடக்குல ஏறினதுலேருந்து."

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கடலுக்காகத்தான் இத்தனை பாடும். ஆனால் அப்போது எனக்கு வேண்டியது கடல் இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஓட்டு" என்றேன்.

"முன்னால கடல்தாங்க இருக்கு."

"கரை மேலயே ஓட்டு."

அவள் கிளட்சைப் பிடித்து முதல் கியரை மிதித்தாள். வண்டி நகர்ந்தது. கொஞ்சம் போனதும் என் முழங்காலை ஒட்டியிருந்த அவள் இடது கால் லேசாக எழும்பியது. இரண்டாவது. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். பின்னால் இருப்பவனின் உடம்பும் முன்னால் இருப்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் போலிருக்கிறது. அவள் வண்டியை இன்னும் மெதுவாக்கினாள்.